பதினைந்துக்குப் பதில் பதினாறு

ஒரு காயை ஒரு கட்டம் பின்னால் தள்ளி வைக்க அர்விட் ஸ்கோக்லண்டுக்கு இரண்டு வாரம் பிடித்தது. கேட்டால் சிரிப்பு வரும். அரை அங்குல அட்டைத் துண்டு அது. விரலால் எடுத்து அடுத்த கட்டத்தில் வைக்க ஒரு நொடி போதும். ஆனால் அந்தக் காய் அதே இடத்தில் எட்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. எட்டு வருஷப் பழக்கத்தை யாரையாவது விடச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

அர்விட், அமெரிக்காவின் வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரத் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்ப்பவர். வயது ஐம்பத்தொன்று. அந்த ஊர்க் குளிருக்கு மீட்டரை வெளியே வைத்தால் உறைந்து வெடித்துவிடும். ஆகவே எல்லா வீட்டிலும் அது நிலவறையில்தான் இருக்கும். பக்கவாட்டுக் கதவைத் தட்டுவார், படி இறங்குவார், டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொள்வார், வந்த வழியே போய்விடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஊரில் பாதி வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். ஒரு வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்ததில்லை. மூன்றாம் அவென்யூவில் மிஸஸ் பெல்டியர் ஒவ்வொரு தடவையும், "ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போங்களேன்" என்பாள். "வேணாங்க, பூட்ஸ் ஈரமா இருக்கு" என்பார் இவர். கோடைக்காலத்திலும் அதே பதில்தான். அவளும் கேட்பதை விடவில்லை, அவளுக்கு என்ன பொறுமையோ.

வீட்டுக்கு வந்தால் ஆட்டம், அட்டையில் ஆடும் போர் ஆட்டம். சமையலறை மேஜை முழுக்க ரஷ்யாவின் வரைபடம் விரிந்திருக்கும். வருஷம் 1941. மேற்கிலிருந்து ஜெர்மானியர் வருவார்கள், ரஷ்யர் தடுக்க வேண்டும். படம் முழுக்க தேன்கூடு போல ஆறு பக்கக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும். ரஷ்யப் பக்கம் முப்பத்து நாலு காய்கள். தடுப்பவர்தான் முதலில் எல்லாக் காய்களையும் வைக்க வேண்டும். வருகிறவர் அதைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டுத் தன் காய்களை வைப்பார். அதாவது தடுப்பவர் தன் மனசைத் திறந்து காட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் அர்விட் எப்போதும் தடுக்கும் பக்கம்தான்.

ஆட்டமெல்லாம் தபாலில். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்புவது, எதிராளி சீட்டு வந்ததும் மேஜையில் நகர்த்திப் பார்ப்பது. பகடையைக் கூட யாரும் வீட்டில் உருட்டுவதில்லை. உருட்டினேன், ஆறு விழுந்தது என்று எவனும் எழுதிவிடலாமே. அதனால் இன்ன தேதிப் பத்திரிகையில் பங்குச் சந்தைப் பக்கத்தில் இன்ன கம்பெனியின் கடைசி எண் என்னவோ அதுதான் பகடை என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள். நேர்மையில் அவ்வளவு கறார். கறார் அதிகமாகிப் போனதுதான் பின்னால் வினையாயிற்று, அதற்கு வருகிறேன்.

1969 குளிர்காலத்தில் அர்விட் ஒரு தடுப்புக் கோட்டைக் கண்டுபிடித்தார். ஆற்றுக்குப் பின்னால் நிற்கும் காய்க்குப் பலம் இரட்டிப்பு. தாக்குகிறவன் மூன்று மடங்கு பலம் திரட்டினால்தான் தைரியமாக மோதலாம். இரண்டு மடங்கோடு மோதினால் தானே அழிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. எந்தக் கட்டத்திலும் மூன்று மடங்கு சேரவே முடியாதபடி முப்பத்து நாலு காய்களையும் நிறுத்தினார் அர்விட். அந்தக் கோட்டின் ஆணி எல்-15. ஆறு அங்கே வளைகிறது. அந்த வளைவில் ஒரு பெரிய காயை வைத்துவிட்டால் தெற்கும் வடக்கும் தானே பூட்டிக்கொள்ளும். இந்த ஆட்டக்காரர்களுக்கென்று இருந்த சங்கத்தின் இதழ் அதை ‘ஸ்கோக்லண்ட் கோடு’ என்று தலைப்புப் போட்டு அச்சடித்தது. மனுஷனுக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அதோடு ஆட ஆள் கிடைப்பது நின்றது. சீட்டு அனுப்பினால் சரணாகதிதான் திரும்பி வரும். "உங்க கோட்டப் பாத்தேன். தோத்துட்டேன்னே வச்சுக்குங்க" என்று ஒருவர். "எனக்கு வேல வெட்டி இருக்குங்க" என்று இன்னொருவர். இதழில் ‘எதிராளி தேவை’ பகுதியில் இவர் பெயர் மாதாமாதம் வரும். பதில் வராது. தோற்கடிக்க முடியாத ஆளோடு எவன் சார் உட்காருவான்? ஆறு மணிக்கு வேலை முடிந்து வருவார், தபால்பெட்டியைத் திறப்பார், கரண்ட் பில்லும் விளம்பரமும் இருக்கும். டப்பாவில் அடைத்த பட்டாணி சூப்பைச் சுடவைத்து, வரைபடத்தின் ஓரத்தில் கிண்ணத்தை வைத்துக் குடிப்பார். தனியாக இருப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது என்று இலாகாவில் எல்லாரும் நினைத்தார்கள். பிடிக்கவில்லை. ஒருநாளும் பிடித்ததில்லை.

போன வருஷம் மார்ச்சில் காயல் ஃபென்ட்ரஸ் என்று ஒருவர் பதில் போட்டார். தெற்கே கென்டக்கியில் படூகா என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அவர் கோட்டைப் பார்த்தார், பயப்படவில்லை, நேராக வந்து முட்டினார். நாலே சுற்றில் படை காலி. "மண்ட வீங்கிப் போச்சு. அடுத்த ஆட்டம் எப்ப?" என்று எழுதினார். சீட்டு ஒன்றுதான், கூட வரும் கடிதம் ஐந்து பக்கம், ஆறு பக்கம். கடைக்கு வருகிறவர்கள் அடிக்கும் லூட்டி, ஆற்றில் வெள்ளம் வந்தது, தன் மனைவி நடீன் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் மறுநாளே திரும்பியது, எல்லாம் இருக்கும். தபால்பெட்டியில் அந்தத் தடித்த உறை கிடந்தால் அர்விட் மேல்கோட்டைக் கழற்றாமலே பிரிப்பார். இரண்டு தடவை படிப்பார். மறுநாளே பதில் சீட்டை டைப் அடித்து அனுப்பிவிட்டு, ஆட்ட எண் போட்ட கோப்பில் கடிதத்தைச் செருகுவார்.

இரண்டாவது ஆட்டமும் அப்படியே முடிந்தது. ஆனால் கடிதங்கள் மெலிந்துகொண்டே வந்தன. ஐந்து பக்கம் மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. ஜனவரி பிறந்ததும் வந்தது ஓர் அஞ்சலட்டை. "ஸ்கோக்லண்ட், இன்னும் ஒரே ஒரு ஆட்டம். மறுபடியும் சுவத்துல போய் முட்டிக்க என்னால ஆகாது. இந்த தடவ ஏதாவது வித்தியாசமா வந்தாத்தான் மேல பாக்கறது. இல்லன்னா இதோட விட்டுடலாம்."

அர்விட் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். இந்த ஒரு மனுஷரும் போய்விட்டால் அப்புறம் உலகத்தில் அவருக்கு எழுத ஆளில்லை. அவருக்கே அது துல்லியமாகத் தெரிந்தது.

ஆக, சுவரில் ஒரு வாசல் வைக்க வேண்டும். அதைத்தான் இரண்டு வாரம் யோசித்தார். வாசல் வைப்பது என்றால் லேசில்லை. பெரிதாகத் திறந்துவிட்டால் ஃபென்ட்ரஸுக்கு அவமானம், குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். சின்னதாக வைத்தால் கண்ணில் படாது. உள்ளே வரவேண்டும், வந்தபின் ஆட்டம் சூடு பிடிக்கவேண்டும், பனிக்காலச் சுற்று வரையாவது இழுக்கவேண்டும். அப்படி இழுத்தால் கணக்குப்படி அடுத்த வருஷம் ஏப்ரல் வரை கடிதம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து மேஜையைச் சுற்றிப் போய் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை, அவர் உட்பட. அங்கிருந்து தன் கோட்டைப் பார்த்தார். வடக்கே கடலிலிருந்து தெற்கே மலை வரை ஒரு விரல் நுழைய இடமில்லை. ‘இங்கே எவன் வருவான்’ என்று அவருக்கே தோன்றிவிட்டது.

மறுநாள் இலாகாவில் தோய்வோ கிவெலா பிடித்துக்கொண்டார். தோய்வோ அர்விட்டோடு ஒரே வண்டியில் போகிறவர், ஃபின்லாந்துக்காரர், வாய் சும்மா இருக்காது.

"என்ன அர்விட், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? மாஸ்கோ விழுந்துடுச்சா?"

"ஒரு காய எங்க வைக்கறதுன்னு பாத்துட்டு இருக்கேன்."

"போன வாரமும் இதத்தான சொன்ன. நான் வீடு வாங்கறப்ப கூட இவ்வளவு யோசிக்கல. பொண்டாட்டி கட்டறப்ப சுத்தமா யோசிக்கல." சாண்ட்விச்சைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, தடுத்துத் தடுத்து எவனும் வரமாட்டேங்கறான்னா, நீ எறங்கி தாக்கித் தொலையேன். பக்கத்த மாத்திக்க."

"எனக்கு அது வராது."

"என்ன வராது?"

"வர்றவங்கள என்ன பண்றதுன்னு தெரியும். நானா போறதுக்குத் தெரியாது."

தோய்வோ பாதி சாண்ட்விச்சை நீட்டினார். "இந்தா, தின்னு. ரஷ்யாவக் காப்பாத்தத் தெம்பு வேணும்ல." அர்விட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் முடிவு செய்தது இதுதான். எல்-15இல் நிற்கும் ஆணிக்காயை ஒரு கட்டம் பின்னால், எல்-16க்குத் தள்ளுவது. ஆற்றை விட்டு விலகியதால் இரட்டைப் பலம் போய்விடும். மூன்று மடங்கு சேர்த்து அடிக்கலாம். அடித்தால் வழி திறக்கும், அந்த வழியாக டாங்கிகள் உள்ளே ஓடலாம். பின்னால் எப்போதும் நிற்கும் இரண்டு சிறிய காய்களே இரண்டாம் வளையம் ஆகிவிடும், வந்தவருக்கு விளையாட ஏதாவது இருக்க வேண்டுமே. இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பதினோரு தடவை ஆடிப் பார்த்தார். நல்ல ஆட்டம். சொல்லப்போனால், அவர் வைத்ததிலேயே அழகான அணிவகுப்பு. ‘எல்-16’ என்று டைப் அடிக்கும்போது அவருக்கு விரல் கூசியது. அடித்து, ஒட்டி, தபாலில் போட்டார். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரை வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார் இல்லையா.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. உறை மெலிதாக இருந்தது. மேல்கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடியே படித்தார்.

"ஸ்கோக்லண்ட், எல்-15ன்னு அடிக்கறதுக்குப் பதிலா எல்-16ன்னு அடிச்சுட்டீங்க. எட்டு வருஷமா ஊருக்கே தெரிஞ்ச கோடு, இதுல சந்தேகமே இல்ல. எழுத்துப் பிழையப் பயன்படுத்திக்கிட்டு ஜெயிக்கற ஆளு நான் இல்ல. நம்ம சங்கத்து வழக்கப்படி நானே அத எல்-15ல வச்சுட்டேன், நீங்க சிரமப்பட வேணாம். வச்சுட்டுப் பாத்தா, பழைய சுவர்தான். உங்க கடுதாசில வித்தியாசமா இருந்தது அது ஒண்ணுதான், அதுவும் தப்பு. ஆட்டத்த விட்டுக் குடுக்கறேன். நல்லா இருங்க. காயல் ஃபென்ட்ரஸ்."

பாருங்கள் கொடுமையை. மனுஷர் உயிரைக் கொடுத்து ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார். வந்தவர், பாவம் கதவு தவறுதலாகத் திறந்து கிடக்கிறது என்று மரியாதையாகச் சாத்திவிட்டுப் போகிறார். கறார் என்று சொன்னேனே, இந்தக் கறார்தான். அர்விட்டுக்கு அழுகை வரவில்லை. மேல்கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார், பூட்ஸிலிருந்து பனி கரைந்து தரையில் தேங்கும் வரை உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தின் தலையில் கடையின் தொலைபேசி எண் அச்சாகியிருந்தது. சனிக்கிழமை மதியம் அந்த எண்ணைச் சுழற்றினார். நாலு தடவை பாதியில் வைத்துவிட்டு ஐந்தாவது தடவை முழுசாகச் சுழற்றினார்.

"பார்பர் கடை, சொல்லுங்க." பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், ரேடியோ.

"மிஸ்டர் ஃபென்ட்ரஸ் இருக்காரா?"

"நாந்தான். கத்திரி கைல இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க."

"நான் ஸ்கோக்லண்ட்."

கத்திரிச் சத்தம் நின்றது. "டுலூத் ஸ்கோக்லண்டா? அட, உங்களுக்குக் குரல் கூட இருக்கா?"

"அந்தப் பதினாறு தப்பு இல்ல."

"எது?"

"எல்-16. சரியாத்தான் அடிச்சேன். வேணும்னே தான் அங்க வச்சேன்."

"ஏன் வச்சீங்க?"

அர்விட் தொலைபேசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீங்க உள்ள வரட்டும்னு."

அந்தப் பக்கம் யாரோ, "காயல், என் தல பாதில நிக்குதுப்பா" என்றார். ஃபென்ட்ரஸ் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்.

"ஸ்கோக்லண்ட், நான் சுவருன்னு எழுதினது ஆட்டத்த இல்ல. உங்களத்தான்."

"என்னயா?"

"தோக்கறது எனக்குப் புதுசா? நான் தோக்காத ஆட்டமே கெடயாது. ஒரு வருஷமா உங்களுக்கு எழுதறேன். நடீனுக்கு வயித்துல கத்தி வச்சாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து உங்களுக்கு ஆறு பக்கம் எழுதினேன், வேற யாருக்கு எழுதறதுன்னு தெரியல. அடுத்த தபால்ல என்ன வந்துச்சு தெரியுமா? ‘எச்-9, பின்வாங்கல்.’ அவ்வளவுதான். நடீன் அதப் படிச்சுட்டு, யாரு பின்வாங்கறது, நானான்னு கேட்டா."

கடையில் சிலர் சிரித்தார்கள். ஃபென்ட்ரஸ் சிரிக்கவில்லை.

"என் நாற்காலில உக்காந்தவன் வாயத் திறக்கலன்னா எனக்கு அன்னிக்கு சாப்பாடு எறங்காது. நீங்க ஒரு வருஷமா உக்காந்திருக்கீங்க. இப்பவும் பாருங்க, நாந்தான் பேசறேன்."

"ஆமா," என்றார் அர்விட்.

"ஏதாவது சொல்லுங்க."

அர்விட் ஜன்னலைப் பார்த்தார். "இங்க பனி பெய்யுது."

"அத ரேடியோவே சொல்லிடும்." பெருமூச்சு விட்டார். "சரி, இவரு பாதித் தலையோட உக்காந்திருக்காரு. ஒரு கடுதாசி போடுங்க. அதுல கட்டம் நம்பர் ஒண்ணு கூட இருக்கக் கூடாது. வந்தா பாக்கலாம். வரலன்னா ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க, நானும் வச்சுக்கல."

வைத்துவிட்டார்.

அர்விட் வரைபடத்தை அப்படியே ஓரமாக இழுத்துவிட்டு டைப்ரைட்டரை வைத்தார். காகிதம் செருகினார். ‘திரு. ஃபென்ட்ரஸ் அவர்களுக்கு’ என்று அடித்தார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. முப்பத்து நாலு காய்க்கும் இடம் தெரிந்த மனுஷருக்கு ஒரு வாக்கியம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு கோப்பை எடுத்து வந்து ஃபென்ட்ரஸின் கடிதங்களை வரிசையாக அடுக்கினார்.

இத்தனை நாளும் அவற்றை ரேடியோ கேட்பது மாதிரிதான் படித்திருந்தார். ரேடியோவுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. இப்போது படித்தால் பக்கத்துக்குப் பக்கம் கேள்வியாக இருந்தது. அவரைப் பார்த்துக் கேட்ட கேள்விகள். ஒரு பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டே போனார். பத்தொன்பது இருந்தன. அவருக்கு முகம் சூடாகிவிட்டது. வெட்கம்தான், வேறென்ன.

ஒவ்வொன்றாகப் பதில் அடித்தார். உங்க ஏரி நெஜமாவே லாரி ஓடற அளவுக்கு உறையுமா? கரையோரத்துல உறையும், லாரி விட்டு முழுகினவங்களும் உண்டு. மீன் பிடிப்பீங்களா? இல்ல, ஆனா வறுத்தா பிடிக்கும். என்ன வேல? தண்ணி மீட்டர் பாக்கறேன், நிலவறையில இருக்கும். ஸ்கோக்லண்ட்னா எந்த நாட்டுப் பேருன்னு நடீன் கேக்கறா. ஸ்வீடன், அப்பா பதினேழு வயசுல வந்தாரு. ஏன் எப்பவும் தடுக்கற பக்கமே ஆடறீங்க? இதற்கு நிறைய நேரம் யோசித்தார். ‘அந்தப் பக்கம் ஆடினா, யாராவது என்னத் தேடி வரணும்’ என்று அடித்தார். அடித்துவிட்டுப் பார்த்தார், அழிக்கவில்லை.

ஒரு கேள்வியை மட்டும் ஃபென்ட்ரஸ் மூன்று கடிதத்தில் கேட்டிருந்தார். மே மாதம் ஒரு தடவை, ஆகஸ்டில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை. வீட்டுல உங்களோட யாரு இருக்காங்க? அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். வேறு கேள்வி மிச்சமில்லாமல் போனபின் அதற்கு வந்தார்.

‘யாரும் இல்ல.’

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனியை வாரிக்கொண்டிருந்தார். இந்தக் கடிதத்தில் இவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ‘உங்க மனைவிக்கு இப்ப வயித்து வலி எப்படி இருக்கு?’ என்று அடித்தார். பிறகு அதன் கீழே இன்னொரு வரி அடித்தார்.

‘நீங்க இனிமே ஆடலன்னாலும் பரவாயில்ல. எழுதுங்க.’